கடத்தலிலிருந்து மீண்டவருக்கு வேலை தேட உதவுவது எப்படி?

ஆள்கடத்தலிலோ கொத்தடிமை வேலையிலோ சிக்கி மீண்ட ஒருவருக்கு முதன்முறையாக வேலை தேட உதவப் போகிறீர்களா? அவரைச் சிக்கவைத்தவரும் பெரும்பாலும் "நல்ல வேலை வாங்கித் தருகிறேன்" என்றுதான் வந்திருப்பார். உங்கள் பேச்சை அவர் உடனே நம்பாவிட்டால் வருத்தப்படாதீர்கள்.

படி 1: அவசரப்படாதீர்கள். தங்க இடம், சிகிச்சை, வேலை செய்யச் சட்ட அனுமதி ஆகியவை முதலில். 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. ஆள்கடத்தல் தடுப்பு நெறிமுறை, 6-ஆம் பிரிவில் மீண்டவர்களுக்கான உதவிகளில் வேலைவாய்ப்பையும் பயிற்சியையும் சேர்த்திருக்கிறது. அதனால் அதிகாரிகளிடம் தயங்காமல் கேளுங்கள்.

படி 2: ஆவணங்கள். அடையாள அட்டை, அவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு. "பத்திரமா நான் வச்சிருக்கேன்" என்று அசலை நீங்கள் வாங்கி வைக்கவே கூடாது. ஆவணங்களைப் பிடித்து வைப்பது, சர்வதேச தொழிலாளர் அமைப்பு பட்டியலிடும் 11 கட்டாய உழைப்பு அறிகுறிகளில் ஒன்று.

படி 3: என்ன வேலை பிடிக்கும் என்று கேளுங்கள். உதவ வருபவர்கள் எடுத்ததுமே தையல் பயிற்சியில் சேர்த்துவிடுகிறார்கள். அவருக்குக் கணக்கு வரலாம், வண்டி ஓட்ட ஆசை இருக்கலாம். அடைபட்டிருந்த காலத்தில் கற்ற தொழிலையே தொடர்வதா, அதன் பக்கமே போகாமல் இருப்பதா என்பதும் அவர் முடிவுதான். விண்ணப்பத்தில் விடுபட்ட வருடங்களுக்கு "சொந்தக் காரணங்களால் இடைவெளி" என்ற ஒரு வரி போதும். நேர்காணலில் அதைத் தடுமாறாமல் சொல்லப் பழக்கிவிடுங்கள்.

அப்புறம், நடந்ததை முதலாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். வழக்கு நாளில் விடுப்பு, இரவுப் பணி வேண்டாம் என்பதையெல்லாம் காரணம் விளக்காமலேயே கேட்டுப் பார்க்கலாம்.

படி 4: வேலையைத் துருவிப் பாருங்கள். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வேலைக்குச் சேர்க்கக் கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஆளெடுப்புச் செலவு தொழிலாளி தலையில் விழக்கூடாது என்பது சர்வதேச நெறி. முன்பணம் கொடுத்துக் கூலியில் கழிப்பதாகச் சொன்னாலும் உஷாராகுங்கள், பழைய கடன் வலை அப்படித்தான் பின்னப்பட்டிருக்கும். முதலாளியே இடம் கொடுத்தால், வேலையை விட்டால் அன்றே தெருவுக்கு வர வேண்டுமா என்று கேளுங்கள். ஒப்பந்தம் அவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் இருக்கட்டும்.

படி 5: சேர்ந்த பிறகு. முதல் சம்பளச் சீட்டை அவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். பூட்டிய கதவு, மேற்பார்வையாளரின் அதட்டல் போன்ற சின்ன விஷயங்கள்கூட அவரை உலுக்கலாம். "இந்த வேலை வேண்டாம்" என்றால், சரி, ஏன் என்று குடையாமல் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.