பாறைப் பிளவின் சொரசொரப்பை அளப்பது எப்படி? நான் தடுக்கி விழுந்த இடம் உட்பட

அம்மி கொத்திய மறுநாள் குழவியை இழுத்துப் பாருங்கள், தோள் வலிக்கும். தேய்ந்த அம்மியில் அதே குழவி வழுக்கிக்கொண்டு போகும். தொப்பூர் கணவாயில் சாலையோரம் நிற்கும் பாறைக்கும் இதுதான் கணக்கு. பிளவின் இரு முகங்களும் சொரசொரப்பாக இருந்தால், மேல் பாளம் சறுக்குவதற்கு முன் சிறு மேடுகள்மேல் ஏறியாக வேண்டும். சுமை கூடக்கூட, ஏறுவதற்குப் பதில் மேடுகள் உடையத் தொடங்கும். சொரசொரப்பால் வரும் லாபமும் அப்போது குறையும்.

இதை நிக் பார்ட்டன் 1973இல் ஒரு சூத்திரமாக்கினார்:

சறுக்கு வலிமை = செங்குத்து அழுத்தம் × டேன் [உராய்வுக் கோணம் + ஜேஆர்சி × லாக் (ஜேசிஎஸ் ÷ செங்குத்து அழுத்தம்)]

செங்குத்து அழுத்தம் என்பது பிளவு முகத்துக்குச் செங்குத்தாக விழும் அழுத்தம். ஜேஆர்சி என்பது சொரசொரப்பு எண், 0 முதல் 20 வரை. ஜேசிஎஸ் என்பது பிளவு முகத்தின் நசுக்கு வலிமை. லாக், 10ஐ அடிமானமாகக் கொண்டது.

முதலில் கல். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிக் கழிவில் தேடினால் இயற்கைப் பிளவோடு ஜோடித் துண்டுகள் கிடைக்கும். வெடிவைத்து உடைந்த முகம் உதவாது. ஜோடியைப் பிரிப்பதற்கு முன் பக்கவாட்டில் சாக்கட்டியால் ஒரு கோடும், பாறை சறுக்கக்கூடிய திசையில் ஓர் அம்புக்குறியும் போட்டுவிடுங்கள். திசை மாறினால் எண்ணும் மாறும்.

அடுத்து அடிப்படை உராய்வுக் கோணம். ரம்பத்தால் அறுத்த இரு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மெல்லச் சாய்க்க வேண்டும், மேல் பலகை நழுவும் கோணமே விடை. பட்டறையில் கேட்டால் பளபளப்பான துண்டைத்தான் நீட்டுவார்கள். பாலிஷ் போடாததைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு 31 டிகிரி வந்தது.

ஷ்மிட் சுத்தியலால் (ஸ்பிரிங்கால் தட்டி, எவ்வளவு எகிறுகிறது என்று எண் காட்டும் கருவி) பிளவு முகத்தில் பத்து முறை தட்டி, பெரிய ஐந்து எண்களின் சராசரியை எடுத்தேன்: 39. புதிதாக அறுத்த முகத்தில் 46. மழையும் வெயிலும் பட்ட முகத்துக்கு உராய்வுக் கோணம் குறையும். 31இலிருந்து 20ஐக் கழித்து, 39ஐ 46ஆல் வகுத்து வருவதை 20ஆல் பெருக்கிக் கூட்டினால் 28 டிகிரி. கல்லின் அடர்த்தியையும் 39ஐயும், சுத்தியல் எண்ணை வலிமையாக மாற்றும் வரைபடத்தில் பொருத்தினால் ஜேசிஎஸ் ஏறத்தாழ 83 மெகாபாஸ்கல். அந்த வரைபடம் எல் (L) வகைச் சுத்தியலுக்கானது. கான்கிரீட் சோதிப்பவர்களிடம் பெரும்பாலும் இருப்பதோ ‘என்’ (N) வகை. கல்லை மணலில் ஆழப் பதித்துத் தட்டுங்கள், ஆடினால் எண் குறைந்துவிடும்.

இனி ஜேஆர்சி. 0 முதல் 20 வரை வரைந்து வைத்திருக்கும் பத்து மாதிரிக் கோடுகளோடு கண்ணால் ஒப்பிடும் முறையை நான் நம்புவதில்லை. ஒரே கல்லுக்கு நான் 6 என்றேன், நண்பர் 12 என்றார். டைல்ஸ் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் சீப்பு போன்ற அளவுகோலால் கோட்டைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். சாய்வுச் சோதனையே நேர்மையானது. ஜோடியைச் சேர்த்து வைத்துச் சாய்த்தேன். 64 டிகிரியில் மேல் துண்டு கறகறவென்று இறங்கியது. சூத்திரத்தில் அடைப்புக்குள் இருக்கும் மொத்தக் கோணம் இதுதான். கோணத்தை மொபைலில் அளந்தால் உறையைக் கழற்றி, கேமரா மேடு கல்லில் படாமல் வையுங்கள்.

நான் விழுந்தது இதற்குப் பிறகு. மேல் துண்டு 20 செ.மீ. நீளம், 10 அகலம், 5 உயரம். எடை சுமார் 2.65 கிலோ. அதை நியூட்டனுக்கு மாற்றிப் பரப்பால் வகுத்து, 64 டிகிரியின் கொசைனால் பெருக்கினால் செங்குத்து அழுத்தம் 0.57 கிலோபாஸ்கல். ஜேசிஎஸ்ஸோ மெகாபாஸ்கலில் இருக்கிறது. நான் 83ஐ நேராக 0.57ஆல் வகுத்துவிட்டேன். ஜேஆர்சி 16.6 வந்தது! கையால் தடவினால் அலை அலையாக, ஏறத்தாழ வழவழப்பாக இருந்த கல் அது. இரண்டு மாலைகள் கல்லைத்தான் சந்தேகப்பட்டேன். 0.00057 என்று போட்டதும் லாக் 5.16 ஆனது. 64இலிருந்து 28ஐக் கழித்து 5.16ஆல் வகுத்தால் 7.

பிழையின் விலையைப் பாருங்கள். சுமார் 19 மீட்டர் பாறை மேலே இருந்தால், கிடைமட்டப் பிளவில் அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். சரியான எண்ணுக்கு வலிமை 0.47 மெகாபாஸ்கல், தவறான எண்ணுக்கு 1.07. சொரசொரப்பே இல்லையென்றால் 0.27தான்.

பெரிய பிளவுக்கு 7ஐ அப்படியே போடாதீர்கள். இரண்டு மீட்டர் நீளப் பிளவுக்கு அது 5 அளவுக்குக் குறையும், ஜேசிஎஸ்ஸும் குறையும்.

பின்சேர்க்கை: கல் சறுக்காமல் குப்புற விழுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். உயரம் அதிகமான துண்டு கவிழத்தான் செய்யும், மெல்லியதாக அறுத்துக்கொள்ளுங்கள். ஜேஆர்சி 8ஐத் தாண்டும் கற்களுக்குச் சாய்வுச் சோதனை கைகொடுப்பது அரிது. அங்கே கயிறு கட்டிக் கிடையாக இழுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொருவரின் பிளவில் விரல் தடிமனுக்குச் செம்மண் நிரம்பியிருந்ததாம். மேடுகளின் உயரத்தைவிட மண் தடிமனாக இருந்தால் இரு முகங்களும் தொட்டுக்கொள்வதே இல்லை. கல்லைக் கழுவி ஜேஆர்சி பார்ப்பது வீண், அந்த மண்ணைத்தான் சோதிக்க வேண்டும்.