கேரவனுக்கு ஏசி அவசியமா? நெல்லைச் சீமை வெயிலுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வேனை கேரவனாக மாற்றிக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது ஏசியைப் பற்றித்தான். திருநெல்வேலிப் பக்கம் பெரும்பாலான மாதங்களில் அது இல்லாமலே தூங்கிவிடலாம் என்பேன். ஏசிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கீழே உள்ளதை வரிசையாகச் செய்துபாருங்கள்.

படி 1: மாதமும் இடமும்

பகல் வெயிலை வைத்து முடிவெடுக்காதீர்கள். பகலில் எப்படியும் ஆற்றிலோ அருவியிலோதான் கிடக்கப்போகிறோம். ராத்திரி பத்து மணிக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் 38, 40 டிகிரி சர்வசாதாரணம்; தார்ரோடும் சுவரும் குடித்த சூட்டை நள்ளிரவு வரை கக்கும். அன்றைக்கு டவுனை விட்டு அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் ஒதுங்கி, தோப்போரமாக நிறுத்துங்கள். ஜூனில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இறங்கிவிட்டால் தென்காசி, குற்றாலத்தில் போர்வை தேடுவீர்கள்.

உவரி போன்ற கடற்கரையில் சூடு குறைவு, புழுக்கம் அதிகம். வேர்வையே காயாத ஊரில் ஏர்கூலர் வீண். உள்நாட்டு வறண்ட கோடைக்கு அது நன்றாகவே வேலை செய்யும். மாஞ்சோலை குளிரும்தான். ஆனால் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துப் பகுதி. வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியைப் போட்டுத் தூங்கும் நினைப்பே வேண்டாம்.

படி 2: நிறுத்தும் விதம்

பைசா செலவில்லாத வேலை, பலன் இதில்தான் அதிகம். வண்டியின் பின்பக்கம் மேற்கே பார்க்கும்படி நிறுத்துங்கள். நீளமான பக்கவாட்டுத் தகரங்கள் அப்போது தெற்கையும் வடக்கையும் பார்த்திருக்கும். சாயங்கால வெயில் குறுகலான பின்கதவில் மட்டும் விழும். அந்தக் கண்ணாடியை வெளியிலிருந்து தார்ப்பாயால் மூடுங்கள். உள்ளே திரை போட்டால் கண்ணாடி வழியே நுழைந்த சூடு உள்ளேயே தங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் தார்ப்பாயை எடுத்து, பின்கதவைத் திறந்து கொசுவலை கட்டுங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று நேராக உள்ளே வரும். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும்.

நிழலுக்கு வேம்பு, புளி, மருதம் எதுவானாலும் சரி. புளியமரத்தடியில் பேய் இருக்கிறது என்பார்கள், அது உங்கள் தைரியம். தென்னைக்கு அடியில் மட்டும் வேண்டாம்: ஒரு நெற்று விழுந்தால் முன்கண்ணாடி போச்சு. தாமிரபரணி மணலிலும் இறக்காதீர்கள், தண்ணீர் எப்போது கூடும் என்று சொல்ல முடியாது.

படி 3: கூரை

நம் ஊரில் ஏப்ரல் நடுவில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு வரும், ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும். அதனால் சூடு முக்கியமாக இறங்குவது கூரை வழியாகத்தான். வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். கூரைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு நிழல்வலை கட்டுங்கள். வலை தகரத்தில் ஒட்டிக்கிடந்தால் பிரயோஜனமில்லை. சோலார் பேனல் இருந்தால் அதன் மேல் வலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேனலே அந்த இடத்துக்கு நிழல்தான்.

படி 4: ஃபேன்

30 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்தான். கூரையில் ஓர் எக்ஸாஸ்ட், படுக்கைக்கு ஒன்று, போதும். காற்றின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் அனல்காற்றைத்தான் அடிக்கும். அப்போது ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

படி 5: ஏசிக் கணக்கு

இவ்வளவுக்குப் பிறகும் ஏசி வேண்டியவர்கள் உண்டு. கைக்குழந்தை, வயதான அப்பா அம்மா, இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடையில் சமவெளியில் தங்குவதாக இருந்தால் யோசிக்காமல் ஏசிக்குப் போங்கள். முடியாவிட்டால் லாட்ஜில் அறை போடுங்கள். நாயை வண்டிக்குள் பூட்டிவிட்டு எங்கேயும் போகாதீர்கள், ஏசி ஓடினாலும் சரி.

ஒரு டன் ஏசி முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். 12 வோல்ட் 150 ஏஹெச் (ஆம்பியர் ஹவர்) டியூபுலர் பேட்டரியில் மொத்தமே 1.8 யூனிட், அதிலும் பாதியைத்தான் எடுக்கலாம். அதாவது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே பேட்டரியில் ஏசி என்பதை ஆரம்பத்திலேயே மறந்துவிட்டு, தங்கும் விடுதி வளாகத்தில் சொல்லி கரண்ட் எடுங்கள். 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், எர்த் மூன்றும் கட்டாயம். ஒயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள், சுருளே சூடாகி உருகிவிடும். அரைமணி நேரம் ஓடியதும் பிளக்கைத் தொட்டுப்பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

கரண்ட் கிடைக்காத இடத்தில் இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்தது ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடால். அந்த வாயுவுக்கு வாடையே கிடையாது. ஏசி இருக்கிறதோ இல்லையோ, தலைமாட்டில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டிவிடுங்கள்.