நிலையான வேலை இல்லாத கர்ப்பிணிகளுக்கு: பிக்மி பதிவு முதல் பிரசவம் வரை

தையல் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கோ கட்டட வேலையில் தினக்கூலிக்கோ செல்லும் பெண்ணுக்குச் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு எட்டாக்கனிதான். ஆயினும் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனை, மருந்து, சிசேரியன் உள்ளிட்ட பிரசவம் யாவும் இலவசம் என்பதால், எந்த நாளில் எந்தத் தாளுடன் எங்கே செல்வது என்பதை ஒழுங்குபடுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் படி, பதிவு. நாள் தள்ளிப்போனது உறுதியானவுடன், 12 வாரங்களுக்குள், உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் தமிழக அரசின் கர்ப்பிணிகள் பதிவுத் தளமான பிக்மியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆதார், உங்கள் பெயரிலுள்ள வங்கிப் பாஸ்புக், கடைசி மாதவிலக்குத் தேதி, மாறாத கைபேசி எண் ஆகியவை தேவை. ஆதாரில் தந்தையின் இனிஷியலும் பாஸ்புக்கில் கணவரின் இனிஷியலும் இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். உதவித்தொகை தடைபடுவதற்கு இதுபோன்ற சின்ன வித்தியாசமே போதும். பதிவின்போது கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண்ணைத்தான் (தாய்-சேய் நல அடையாள எண்) பிற்பாடு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள்.

அடுத்தது, பரிசோதனை நாட்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான நாள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. மேஸ்திரியிடமோ சூப்பர்வைசரிடமோ அந்த நாளை முன்கூட்டியே சொல்லி வைத்து, ரத்தம், சிறுநீர், எடை, ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒரே வருகையில் முடித்துக்கொண்டால் கூலியிழப்பு குறையும். சர்க்கரைப் பரிசோதனைக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள்: 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் காத்திருந்த பிறகே ரத்தம் எடுப்பார்கள், இடையில் டீ கூடாது. இரும்புச்சத்து மாத்திரையையும் டீயுடன் விழுங்காதீர்கள், சத்து உடலில் சரியாகச் சேராது. மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு, அது இயல்பானதே.

பண உதவிக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் ரொக்கமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக மொத்தம் 18,000 ரூபாய் உண்டு. 19 வயது நிரம்பிய, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது பொருந்தும். தொகை தவணையாகத்தான் வரும் என்பதால், அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சந்தா பிடித்திருந்தால் அந்த எண்ணைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முந்தைய இரு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால் 26 வார மகப்பேறு உதவித்தொகைக்குத் தகுதி இருக்கலாம். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். கணவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தாலும் மனைவி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும்போதுதான் பலருக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. அங்கே புதிதாகப் பதியாமல், பழைய எண்ணையும் ஸ்கேன் தாள்களையும் அவ்வூர்ச் செவிலியரிடம் காட்டி, அதிலேயே தொடரச் சொல்லுங்கள். இந்தத் தாள்களை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூடவே வைத்திருங்கள். நள்ளிரவில் பீரோவைத் துழாவ நேரமிருக்காது.

உதிரப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். பிரசவத்துக்குப் பின் தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவிட 102 வாகனம் இலவசமாக வரும். டிஸ்சார்ஜ் அன்று காலையிலேயே வார்டு செவிலியரிடம் சொல்லி வையுங்கள்.