சேர்க்கிற் படம் இல்லாத வால்வு அம்பிளிபயர்: வாங்கும்போதும் திருத்தும்போதும் விடும் பிழைகள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பரணிலிருந்து இறங்கும் வால்வு அம்பிளிபயர் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பழைய வீட்டு றேடியோகிராமின் உள்பகுதி, மற்றது கோயில் திருவிழாவுக்கு வாடகைக்குப் போன ஒலிபெருக்கிப் பெட்டி. சேர்க்கிற் படம் இராது, மொடல் தகடும் கறள் தின்று கிடக்கும். பெரிய பிழை அங்கேயே நடக்கிறது: "வேலை செய்யுதா, ஒருக்கா போட்டுப் பார்ப்பம்" என்று பிளக்கைக் குத்துவது. இருபது வருடம் சும்மா கிடந்த கபசிற்றருக்குள் முழு வோல்ட்டும் ஒரேயடியாக ஏறினால் அது ஷோர்ட் ஆகலாம். கூடவே றெக்ரிபயர் வால்வு (ஏசியை டிசி ஆக்குவது) போகும், பிறகு பவர் ட்ரான்ஸ்போமர் புகையும். வால்வைத் தேடி எடுத்துவிடலாம். அந்தப் பெட்டிக்கென்றே சுற்றிய ட்ரான்ஸ்போமரை எங்கே தேடுவது? விற்பவர் போட்டுக் காட்டுகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வாங்கப் போகும்போது டோர்ச்சும் மல்டிமீற்றரும் போதும். பலர் வால்வின் பளபளப்பைப் பார்த்து விலை பேசுகிறார்கள். பார்க்க வேண்டியது ட்ரான்ஸ்போமர்களை. ஒலி ட்ரான்ஸ்போமரின் (ஸ்பீக்கருக்குப் போவது) பிரைமரி, அதாவது வால்வுப் பக்கச் சுற்று, சில நூறு ஓம் காட்ட வேண்டும். புஷ்-புல் (இரண்டு பவர் வால்வு சோடியாக வேலை செய்வது) என்றால் நடுக் கம்பியிலிருந்து இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அறுந்திருந்தால் விலையைப் பாதியாகக் குறைத்தாலும் எடுக்காதீர்கள். 2004 சுனாமியில் கடல்நீர் குடித்த ட்ரான்ஸ்போமரையும் விட்டுவிடுங்கள். செப்புக்கம்பிக்குள் உப்பு ஏறினால் உலர்த்தினாலும் அது உள்ளிருந்து தின்றுகொண்டே இருக்கும்.

வால்வின் உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, அந்த வால்வு செத்தது. பூச்சு கண்ணாடிபோல மின்னினாலும் வால்வு நல்லது என்று அர்த்தமில்லை. தூசியாக இருக்கிறதென்று ஈரத் துணியால் துடைக்கவே வேண்டாம். அச்சிட்ட எழுத்து ஒரே தடவையில் துணியோடு வந்துவிடும், பிறகு அது ஈசிசி 83-ஆ ஈசிசி 82-ஆ என்று கண்ணால் சொல்ல முடியாது. எழுத்து மங்கியிருந்தால் வாயால் ஊதுங்கள். மூச்சின் ஈரம் கண்ணாடியில் படியும்போது, எழுத்து இருந்த இடம் சில விநாடி தனியே தெரியும்.

வால்வுப் பெயரின் முதல் எழுத்தைக் கட்டாயம் பாருங்கள். ‘ஈ’ என்றால் 6.3 வோல்ட் ஹீற்றர் (வால்வைச் சூடாக்கும் இழை). ‘யூ’ என்று தொடங்கினால் (யூசிஎல் 82, யூஎல் 84, யூவை 85) ஹீற்றர்கள் வரிசையாகத் தொடுத்தவை. அப்படியான பெட்டியில் பெரும்பாலும் பவர் ட்ரான்ஸ்போமரே இராது, சேசிஸ் (எல்லாம் பூட்டிய இரும்புத் தகடு) நேரே கரண்ட் கம்பியோடு நிற்கும். பிளக்கை மாற்றிக் குத்தினால் இரும்புத் தகடு முழுக்க 230 வோல்ட். மெயின் கரண்டிலிருந்து பிரித்துவைக்கும் ஐசோலேஷன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் அதைத் திறக்காதீர்கள். தொடக்கக்காரருக்கு அது ஏற்றதல்ல.

படம் இல்லையே என்று கலங்கவும் வேண்டாம், மனம்போன போக்கில் கம்பிகளைக் கழற்றவும் வேண்டாம். வால்வின் அடிதான் படம். சேசிஸைக் கவிழ்த்து, சொக்கற்றில் இடைவெளி விட்ட இடத்திலிருந்து வலஞ்சுழியாக எண்ணுங்கள். ஈஎல் 84 (ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு) என்றால் 2 கிறிட், 3 கதோட், 4-5 ஹீற்றர், 7 அனோட், 9 ஸ்கிரீன். ஈசிசி 83 என்றால் 1-உம் 6-உம் அனோட், 2-உம் 7-உம் கிறிட், 3-உம் 8-உம் கதோட். ஒவ்வொரு பின்னிலிருந்தும் கம்பி எங்கே போகிறது என்று கொப்பியில் கீறிக்கொண்டு போனால் ஒரு பின்னேரத்தில் முழுப் படமும் வந்துவிடும். மேலிருந்து எண்ணினால் எல்லாம் தலைகீழாகும். அடிக்கடி நடக்கும் பிழை இது.

கரண்ட் கொடுக்குமுன் உலர்த்துங்கள். எழுவான்கரை (கடலோரப் பக்கம்) வீடுகளில் உப்புக்காற்று, மாரி முழுக்க ஈரம். ட்ரான்ஸ்போமருக்குள் இருக்கும் கடதாசி இரண்டையும் குடித்திருக்கும். மூடிய பெட்டிக்குள் 40 வாட் இழை பல்பை எரியவிட்டு இரண்டு நாள் வைத்தால் போதும். வெயிலில் போட்டால் மெழுகு உருகும். சொக்கற்றில் பச்சைக் களிம்பு இருந்தால் ஐசோபுறொப்பைல் அல்ககோலும் பல் துலக்கும் பிரஷும் பிடியுங்கள். கறள் நீக்கும் எண்ணெயை அடிக்காதீர்கள். 300 வோல்ட் நிற்கும் பின்களுக்கிடையே அந்த எண்ணெயில் தூசி ஒட்டி, கரிக்கோடு விழுந்து பொறி பறக்கும்.

பியூஸ் இருந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றியிருப்பது இங்கே சாதாரணம். அதை எடுத்துவிட்டு, இரண்டு ஈஎல் 84 உள்ள சிறிய அம்பிளிபயருக்கு 1 அம்பியர் மெதுபியூஸ் போடுங்கள். இரட்டைக் கம்பிக்குப் பதில் மூன்று கம்பி வயரைப் போட்டு, எர்த்தைச் சேசிஸில் இறுக்குங்கள். 13 அம்பியர் பிளக்குக்குள் 3 அம்பியர் பியூஸ் போதும். வோல்ட் தெரிவுக் கட்டையில் 220-உம் 240-உம் இருந்தால் 240-இல் வையுங்கள்.

முதல் கரண்டை 100 வாட் இழை பல்பொன்றைத் தொடராக வைத்துக் கொடுங்கள். வால்வுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பார்த்தால் பல்ப் எரியக்கூடாது. எரிந்தால் ட்ரான்ஸ்போமர் அல்லது வயரிங் ஷோர்ட். பிறகு வால்வுகளைப் போட்டால் ஒரு கணம் பிரகாசித்து மங்க வேண்டும். மங்காமல் நின்றால் உடனே நிறுத்துங்கள்.

பழைய பில்ற்றர் கபசிற்றரை (டிசியைச் சீராக்குவது) திருத்தி எடுக்கப் பார்ப்பதைவிட மாற்றுவதே நல்லது. அதிலும் இரண்டு பிழை. "பெரிசாப் போட்டால் இரைச்சல் குறையும்" என்று 220 மைக்ரோபரட் போடுவது ஒன்று. ஈஇசட் 81 றெக்ரிபயர் வால்வுக்கு முதலாவது கபசிற்றர் 50 மைக்ரோபரட்டைத் தாண்டக்கூடாது, ஜிஇசட் 34-க்கு 60. தாண்டினால் வால்வுக்குள் பொறி பறக்கும். எனவே 47 போடுங்கள். மற்றது, கடையில் இலகுவாகக் கிடைக்கிறதென்று 400 வோல்ட் கபசிற்றரை வாங்குவது. 300-0-300 (நடுக் கம்பியிலிருந்து இரு பக்கமும் 300 வோல்ட்) ட்ரான்ஸ்போமரில் சுமை இல்லாத நேரம் 424 வோல்ட் வரும். 450 வோல்ட் கபசிற்றரே வேண்டும்.

மெழுகு பூசிய பழைய கடதாசிக் கபசிற்றர்களில் மிக ஆபத்தானது, ஈஎல் 84-இன் கிறிட்டுக்குப் போவது. அது கசிந்தால் கிறிட்டில் பொசிற்றிவ் வோல்ட் ஏறி, அனோட் தகடு செந்தணலாகும். ஈஎல் 84 வால்வுகளைக் கழற்றிவிட்டு, பல்போடு கரண்ட் கொடுத்து, சொக்கற்றின் 2-ஆம் பின்னைச் சேசிஸுக்கு எதிரே அளவுங்கள். சைபர் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினாலும் 630 வோல்ட் பொலியெஸ்டர் கபசிற்றரைப் போடுங்கள். வால்வைப் போட்டால் மட்டும் வோல்ட் வருகிறதென்றால் கோளாறு வால்வில். கதோட்டையும் அளவுங்கள்: தனி ஈஎல் 84, 250 வோல்ட், 135 ஓம் என்றால் 7.3 வோல்ட் சரி. ஓமால் வகுத்தால் 54 மில்லிஅம்பியர். 12 வோல்ட் வந்தால் 89 மில்லிஅம்பியர், வால்வு நீண்டநேரம் தாங்காது.

ஸ்பீக்கர் கொழுவாமல் சத்தம் ஏற்றுவது ஒலி ட்ரான்ஸ்போமரைக் கொல்லும் பிழை. சுமை இல்லாதபோது பிரைமரியில் வோல்ட் எகிறி, உள் இன்சுலேஷன் துளைபடும். சோதிக்கும்போது 8 ஓம், 25 வாட் றெசிஸ்டர் ஒன்றைக் கட்டிவையுங்கள். திருவிழாப் பெட்டியின் 100 வோல்ட் முனையில் வீட்டு ஸ்பீக்கரைக் கொழுவாதீர்கள். 30 வாட் பெட்டிக்கு அந்த முனை எதிர்பார்ப்பது 333 ஓம். முனைக்குப் பெயர் இல்லையென்றால், வால்வுகளைக் கழற்றி, கரண்டையும் கழற்றிவிட்டு, இரு அனோட் கம்பிகளுக்கிடையே 12 வோல்ட் ஏசி கொடுங்கள். செகண்டரியில் (ஸ்பீக்கர் பக்கச் சுற்று) 0.38 வோல்ட் வந்தால் விகிதம் ஏறத்தாழ 31.6, அதன் வர்க்கம் 1000. 8 ஓம் ஸ்பீக்கர் 8000 ஓமாகத் தெரியும், ஈஎல் 84 சோடிக்கு அது பொருந்தும்.

கை வைக்குமுன் பில்ற்றர் கபசிற்றரை 10 கிலோஓம், 5 வாட் றெசிஸ்டரால் இறக்கி, மீற்றரில் சைபர் வந்ததைப் பாருங்கள். ஸ்குரூட்றைவரால் ஷோர்ட் பண்ணாதீர்கள்.

இரைச்சல் வந்தால் எடுத்தவுடன் வால்வு வாங்க ஓடவேண்டாம். ‘ம்ம்’ என்று அடித்தொனியில் வந்தால் 50 ஹேர்ட்ஸ்: ஹீற்றர் கசிவு அல்லது எர்த் கம்பி. கொஞ்சம் கூராக வந்தால் 100 ஹேர்ட்ஸ்: பில்ற்றர். கரண்டை நிறுத்தி, முன்வரிசை ஈசிசி 83-ஐக் கழற்றிவிட்டுத் திரும்பக் கொடுங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு அந்த வால்வில் அல்லது அதற்கு முன்னால். நிற்காவிட்டால் அதற்குப் பின்னாலோ பவர் பகுதியிலோதான். ‘யூ’ வால்வுப் பெட்டியில் இந்த முறை செல்லாது: ஒன்றைக் கழற்றினால் எல்லா ஹீற்றரும் அணைந்துவிடும்.