பழைய ஸ்காட்லாந்து அகேட் நகையையும் நினைவு லாக்கெட்டையும் பார்த்து வாங்கிப் பேணும் முறை

அகேட் என்னும் வரிவரியான நிறக்கல் பதித்த பழைய ஸ்காட்லாந்து ப்ரூச் (உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் அணி) ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். முன்புறத்தின் நிறங்கள் யாரையும் மயக்கிவிடும். நகையின் வயதும், அதற்கு நேர்ந்த பழுதுகளும் பின்புறத்தில்தான் தெரியும்.

இவ்வகை நகைகளில் பெரும்பாலானவை விக்டோரியா அரசியின் காலத்தவை. 1842இல் அவர் முதன்முறையாக ஸ்காட்லாந்து சென்றதும், 1852இல் பால்மோரல் பண்ணை அரச குடும்பத்தின் உடைமையானதும், அந்நாட்டுக் கற்களின்மீது மக்களுக்கு இருந்த விருப்பத்தைப் பன்மடங்காக்கின. மான்ட்ரோஸ், பெர்த்ஷயர், அயர்ஷயர் பகுதிகளின் எரிமலைப் பாறைகளில் கிடைத்த அகேட்டையும், ஒளி ஊடுருவாத ஜாஸ்பர் கல்லையும் மெல்லிய வில்லைகளாக அறுத்து, மெருகேற்றி, வெள்ளியில் பதித்தார்கள். தேவை பெருகியபோது, ஜெர்மனியின் இடார்-ஒபர்ஸ்டைன் நகரில் அறுக்கப்பட்ட பிரேசில் கற்களும் கலந்தன. ஆகவே, எல்லாக் கல்லும் ஸ்காட்லாந்து மண்ணில் கிடைத்தது என்று விற்பவர் அடித்துச் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வேலைப்பாடு நேர்த்தியாக இருந்தால் கல் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவதில்லை.

பின்புறத்தில் முதலில் ஊசியைக் கவனியுங்கள். 19ஆம் நூற்றாண்டு ப்ரூச்சில் ஊசி பெரும்பாலும் பூட்டு இல்லாத, பிறை போல வளைந்த எளிய கொக்கியில் அமர்ந்திருக்கும். ஊசிமுனை நகையின் விளிம்பைத் தாண்டி நீண்டிருப்பதும் உண்டு. சுழலும் பூட்டு இருந்தால் நகை பிற்காலத்ததாக இருக்கலாம், அல்லது கொக்கி மட்டும் மாற்றப்பட்டிருக்கலாம். கீலைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஈயம் படர்ந்திருந்தால் யாரோ அவசரமாகப் பற்றவைத்திருக்கிறார் என்று பொருள். முத்திரை இல்லை என்பதற்காக நகையைத் தள்ளிவிட வேண்டாம்; அக்காலத்து அகேட் நகைகளில் பல முத்திரையின்றியே விற்கப்பட்டன. மூன்று கோபுரங்கள் கொண்ட கோட்டை தெரிந்தால் அது எடின்பரோவின் தர முத்திரை. பட்டம் போன்ற சாய்சதுரக் குறி இருந்தால், அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவு செய்யப்பட்டது என்று கொள்ளலாம்.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துக் கற்களைப் பாருங்கள். கண்ணாடிப் போலியில் உருண்டையான காற்றுக் குமிழிகள் தெரியக்கூடும். அகேட் தொட்டவுடன் குளிர்ச்சியாக இருக்கும், கண்ணாடியைவிட மெதுவாகச் சூடேறும். நல்ல வேலையில் ஒவ்வொரு வில்லையும் தன் குழிக்கென்றே அறுக்கப்பட்டிருக்கும். ஒரு கல்லின் ஓரத்தில் மட்டும் இடைவெளி இருந்தால் அது பின்னர் மாற்றி வைத்த கல்லாக இருக்கலாம்.

கல்லை அடியில் பிடித்திருப்பது அரக்கு. பல நகைகளில் அதற்கும் பின்னால் சிலேட்டுக் கல் வைத்திருப்பார்கள். நம் ஊர்ப் பத்தர்கள் உள்ளீடற்ற நகைக்குள் அரக்கு நிரப்புவதை அறிந்தவர்களுக்கு இதன் பலவீனத்தைச் சொல்லத் தேவையில்லை: சூடு பட்டால் இளகும். ஆகையால் சுத்தம் செய்ய வெந்நீர், நீராவி, ஒலியதிர்வால் அழுக்கை நீக்கும் அல்ட்ராசானிக் கருவி ஆகிய மூன்றும் கூடவே கூடாது. கற்கள் இருக்கும்போது ஊசியைப் பற்றவைக்கக் கொடுப்பதும் கூடாது.

நினைவு லாக்கெட்டுகளுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. அகேட் பதித்த இதய வடிவ லாக்கெட்டைத் திருப்பினால், பின்னால் சிறு கண்ணாடியின் கீழே பின்னிய தலைமுடி இருப்பதைக் காணலாம். 1861 டிசம்பரில் இளவரசர் ஆல்பர்ட் இறந்து அரசி நெடுங்காலம் துக்கம் காத்ததால் இத்தகைய நகைகள் மேலும் பெருகின என்பது உண்மை. ஆனாலும் முடி இருப்பதெல்லாம் இறந்தவர் நினைவு என்று எண்ணிவிடக் கூடாது. காதலர்களும், குழந்தையைப் பிரிந்திருந்த தாய்மாரும் இப்படி முடியைப் போற்றி வைத்தார்கள். கறுப்பு எனாமலும் இறந்த நாளும் பொறித்திருந்தால் துக்க நகை எனலாம். வெறும் பெயரெழுத்துகள் மட்டும் இருந்தால் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்.

ஒருமுறை நான் ஒரு லாக்கெட்டை ஈரத்துணியால் துடைத்தேன். அந்தச் சிறிய ஈரம் கண்ணாடி விளிம்பு வழியே உள்ளே இறங்கி, பழுப்பு முடியின் மேல் ஒரு கறையை உண்டாக்கிவிட்டது. அது இன்றுவரை போகவில்லை. அன்று முதல் உலர்ந்த மென்தூரிகையும் பருத்தித் துணியும் தவிர வேறெதையும் பயன்படுத்துவதில்லை. வெள்ளியின் மேற்பரப்பை மட்டும் லேசாகத் துடைத்து, செதுக்கு வேலையின் பள்ளங்களில் படிந்த கருமையை அப்படியே விடுங்கள். கோலங்களை எடுத்துக் காட்டுவதே அக்கருமைதான்.

வைக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியே பருத்தித் துணியில் சுற்றுங்கள். ரப்பர் அருகில் இருந்தால் வெள்ளி விரைவில் கறுக்கும். மூடியைத் திறக்கக் கத்தி முனையை நுழைக்காமல், விளிம்பில் உள்ள சிறு பள்ளத்தில் நகத்தை வைத்து மெல்ல நெம்புங்கள். இரண்டு அறைகள் உள்ள லாக்கெட்டில் உங்கள் வீட்டாரின் படத்தை வைக்க விரும்பினால் காலியான அறையில் வையுங்கள். முடி இருக்கும் அறையைத் திறக்கவே வேண்டாம்.