கூட்டத்தோடு செலவு செய்யும்போது கல்லூரி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதம் பாதி போவதற்குள் கை காலியாகிவிடும் மாணவரிடம் கணக்கு எழுதச் சொல்லிப் பாருங்கள். தனக்கென்று வாங்கியது கொஞ்சமாகத்தான் இருக்கும். பிறந்தநாள் கேக், டிபார்ட்மென்ட் விழாவுக்கு ஒரே நிறச் சட்டை, ஒகேனக்கல் ட்ரிப் ஷேர் என்று மற்றவர்களுக்குத் தலையாட்டியதே மிச்சமெல்லாம். கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூரிலும் தருமபுரி பக்கம் பைசுஅள்ளியிலும் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பணம் பெங்களூரிலோ திருப்பூரிலோ கூலி வேலை பார்க்கும் பெற்றோர் அனுப்புவது.

ஒகேனக்கல் போவதென்றால் வண்டி வாடகையை மட்டும் வகுத்து ஷேர் சொல்வார்கள். பரிசல், மீன் வறுவல், எண்ணெய் மசாஜ் எல்லாம் அங்கே போன பிறகு சேரும். எல்லாவற்றையும் கூட்டி எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேளுங்கள். "என்னால இவ்வளவுதான் முடியும்" என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வண்டி ஏறிய பிறகு யாருக்கும் வாய் வராது. எல்லாருக்கும் சேர்த்து நீங்களே ஜிபேயில் கட்டிவிட்டுப் பிறகு வசூலிப்பதும் வேண்டாம். நட்பு கெடுமோ என்று கேட்கத் தயங்கியே அந்தப் பணம் போய்விடும்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் வரும் 1,000 ரூபாயை டீக்கடையில் ஸ்கேன் செய்யும் கணக்கிலேயே விட்டால் எங்கே போனதென்று தெரியாது. அந்தக் கணக்கை யுபிஐயில் இணைக்காதீர்கள். வங்கியில் 6 மாத ஆர்டி (மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் தொடர் வைப்பு) போட்டு மாதம் 300 ரூபாய் கட்டினாலே 1,800 ரூபாயும் வட்டியும் சேரும். தேர்வுக் கட்டண நேரத்தில் கைகொடுக்கும்.

பெரிய சேதம் கடனில்தான். அறையில் நாலு பேர் புதுப் போன் வைத்திருந்தால் ஐந்தாவது ஆளும் இஎம்ஐயில் இறங்குவார். வருமானம் இல்லாததால் அப்பா பெயரிலோ நண்பர் பெயரிலோ எடுப்பார். "பான் கார்டு மட்டும் குடுடா, தவணையை நான் கட்டிடறேன்" என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அவர் தவணை தவறினால் விழுவது உங்கள் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண். பின்னால் நீங்கள் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது அது எதிரே வந்து நிற்கும்.

கடன் ஆப்களில் கணக்கு இன்னும் மோசம். 5,000 ரூபாய் கடன் என்று சொல்லி, கட்டணம் பிடித்துக்கொண்டு 3,500 கொடுத்து, 7 நாளில் 5,000 கேட்டால், கைக்கு வந்த பணத்துக்கு ஒரு வார வட்டி சுமார் 43 சதவீதம். ஊரில் நாம் பயப்படும் பத்து வட்டியே மாதத்துக்கு 10 சதவீதம்தான். இந்த மாதிரி ஆப் காண்டாக்ட் அனுமதி கேட்பது, பணம் தாமதமானால் வகுப்புத் தோழர்களுக்கும் மாமா சித்தப்பாவுக்கும் போன் போட்டு உங்களை அவமானப்படுத்தத்தான். கடன் ஆப்கள் காண்டாக்ட் பட்டியலையும் போட்டோக்களையும் தொடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்கும் ஆப்பை அங்கேயே அழித்துவிடுங்கள்.

தெரிந்த சீனியர் மூலமாக வரும் இன்னொரு பேச்சு: "பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் குடு, மாசாமாசம் பணம் வரும்." மோசடிப் பணத்தைக் கைமாற்றத்தான் கணக்கைக் கேட்கிறார்கள். கணக்கு முடங்கும், விசாரணையும் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தேடித்தான் வரும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வீட்டில் சொல்லுங்கள். கிளைக்குப் போய்க் கார்டையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிம்மையும் முடக்குங்கள். பிறகு அந்த நகலோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நீங்களே போய்த் தகவல் கொடுங்கள்.