வீட்டுக்குள் கோல்ஃப்: பாய் வாங்கிய அனுபவம்

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் கூரை 9 அடி உயரமே என்பதால், பந்தைத் தொலைதூரம் அடிக்கும் டிரைவர் என்ற நீண்ட மட்டையை வீசும் ஆசையைக் கைவிட்டு, பந்தைக் குழிக்குள் மெல்ல உருட்டிவிடும் பட்டிங் பயிற்சிக்கான பாயை மட்டும் வாங்கினேன். சுருட்டி அனுப்பப்பட்ட பாயின் மடிப்புகளில் பந்து தடுமாறியது. எதிர்ப்புறமாகச் சுருட்டி வைத்துப் பிறகு வெயிலில் விரித்ததும் மடிப்புகள் படிந்தன. பந்து மட்டும் இடப்பக்கமே விலகியது. கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது, தரையே பால்கனிப் பக்கம் சரிந்திருப்பது தெரிந்தது. பாயைச் சரிவின் போக்கிலேயே திருப்பிப் போட்டேன். பந்து நேராக ஓடியது. முறையான குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய துளையுள்ள பாயே குறியைக் கூர்மையாக்கும் என்பது என் கருத்து. பந்து 46 கிராம்கூட இல்லை, ஆனால் தரையில் விழுந்தால் கீழ்வீட்டார் மாடியேறி வந்துவிடுகிறார்கள். அதற்காகத் துளைக்குப் பின்னால் பழைய ரப்பர் விரிப்பொன்றைப் போட்டிருக்கிறேன்.